பள்ளிக்கூடம் திறந்தவருக்கு மரண தண்டனை!

1909-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி. காலை நேரம்.

ஸ்பெயின் நாட்டில், கடற்கரைப் பட்டினமான பார்சிலோனாவுக்கு மேலே ஒரு குன்று. அதன் உச்சியில் மோன்ஜூயிக் என்ற பழைய கோட்டை. கோட்டையின் அகழிக்குள் சிப்பாய்கள் துப்பாக்கியுடன் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, மதில் சுவர் ஓரமாக, ஐம்பது வயது மனிதர் ஒருவரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

அவர் கொலைகாரர் அல்ல. கொள்ளைக்காரரும் அல்ல. பள்ளிக்கூடம் நடத்தியவர்!

அவர் பெயர் பிரான்சிஸ்கோ பெரர். அவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி தந்தி மூலம் பரவியதும் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ரோம், லண்டன் என்று ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் எல்லாம் ஜனங்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். எட்டே நாளில் ஸ்பெயின் பிரதம மந்திரி பதவியை இழந்தார்.

ஒரு வாத்தியாருக்காக இவ்வளவு அமர்க்களமா? அப்படி அவர் என்னதான் சொல்லிக் கொடுத்தார்?

ரெயிலில் ரகசியக் கடிதங்கள்

பார்சிலோனாவுக்கு அருகில் அலேயா என்று ஒரு கிராமம். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே வசதியான ஒரு விவசாயக் குடும்பத்தில் 1859-ம் ஆண்டு ஜனவரி மாதம் பெரர் பிறந்தார். தாய் தந்தையர் கத்தோலிக்க மதத்தில் ஆழ்ந்த பற்று உடையவர்கள். வீடு நிறையக் குழந்தைகள்.

பெரர் அதிகம் படிக்கவில்லை. சிறு வயதிலேயே பார்சிலோனாவில் ஒரு மாவு வியாபாரியிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வியாபாரிக்குப் பாதிரிமார்களைக் கண்டாலே ஆகாது. மன்னராட்சியும் பிடிக்காது. பையன் மூட்டைகளை எண்ணியபடியே முதலாளியின் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தான். கோவில் மணி ஓசையில் வளர்ந்த பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறினான்.

பிறகு ரெயில்வேயில் வேலை கிடைத்தது. பார்சிலோனாவில் இருந்து பிரான்சு எல்லைக்குப் போகும் ரெயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. அந்தக் காலத்தில் ஸ்பெயினில் குடியரசு அமைக்க விரும்பிய தலைவர் ரூயிஸ் சோரில்லா என்பவர் பாரிசில் தஞ்சம் புகுந்து இருந்தார். ஸ்பெயினில் இருந்த அவருடைய ஆட்களுக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் போய் வர வேண்டுமே! ரெயிலில் தினமும் எல்லை வரை போய் வருகிற பரிசோதகரைவிட நல்ல தூதர் யார்? பெரர் ரகசியக் கடிதங்களைக் கொண்டு போய்ச் சேர்த்தார். போலீசுக்குத் தப்பி ஓடுகிறவர்களையும் எல்லை கடத்தி விட்டார்.

1880-களின் நடுவில் நடந்த ஒரு கிளர்ச்சி தோற்றுப்போனது. அதற்குப் பிறகு பெரரும் பெண்டாட்டி பிள்ளைகளுடன் பாரிசுக்கே போய்ச் சேர்ந்தார்.

பாரிஸ் வாழ்க்கை

பாரிசில் பிழைப்பு எளிதாக இல்லை. முதலில் மது விற்றுப் பார்த்தார். கட்டுப்படி ஆகவில்லை. பிறகு ஸ்பானிஷ் மொழி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அது கைகொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பானிஷ் படிப்பதற்கு ஒரு பாடப்புத்தகமே எழுதி வெளியிட்டார்.

வீட்டிலோ நிம்மதி இல்லை. மனைவி தெரேசாவுக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. மூன்று பெண் குழந்தைகள் இருந்தும் இருவரும் பிரிந்துவிட்டார்கள். 1894-ம் ஆண்டில் தெரேசா நடுத்தெருவில் துப்பாக்கியை எடுத்துக் கணவரைச் சுட்டே விட்டார்! பெரர் உயிர் பிழைத்தார். ஊர்க் குழந்தைகளின் படிப்பைப் பற்றி உலகமே பேசும்படி செய்தவர், தம் சொந்தக் குழந்தைகளோடு ஒரே வீட்டில் வாழக் கொடுத்து வைக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1895-ம் ஆண்டில் ரூயிஸ் சோரில்லா இறந்தார். பெரருக்கு அரசியலில் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. கலகம் செய்து ஒரு மன்னரை இறக்கி வேறு ஒருவரை ஏற்றினால் நாடு மாறிவிடுமா? ஸ்பெயினில் அப்போது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடங்கள் பல மடாலயங்களின் கையில் இருந்தன. பிரம்பும் மனப்பாடமும்தான் படிப்பு. அடிக்குப் பயந்து வளரும் பிள்ளை, பெரியவன் ஆனதும் யார் அதட்டினாலும் தலை குனிவான் என்று பெரர் எண்ணினார். மாற்றம் பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தச் சமயத்தில் பாரிசில் அராஜகவாதிகள் பலருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அராஜகம் என்றால் அடிதடி, ரகளை என்றுதான் நாம் சொல்லுவது வழக்கம். ஆனால் அந்தக் கொள்கையைக் கொண்டவர்கள் சொன்னது வேறு. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் பலாத்காரத்தால் ஆளக்கூடாது. ராஜா, முதலாளி, மதகுரு என்று யாரும் மேலே உட்கார்ந்துகொண்டு கட்டளை இடக்கூடாது. மக்கள் தாங்களே கூடிப் பேசி, ஒருவருக்கு ஒருவர் உதவி செய்து வாழ முடியும். இதுதான் அவர்கள் வாதம். அவர்களில் குண்டு வீசியவர்களும் இருந்தார்கள். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத அறிஞர்களும் இருந்தார்கள்.

பால் ரோபின் என்ற பிரெஞ்சு ஆசிரியர் செம்ப்வி என்ற ஊரில் அநாதை விடுதி ஒன்றை நடத்தி வந்தார். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள். புத்தகப் படிப்போடு கைத்தொழிலும் கற்றார்கள். மத போதனை கிடையாது. கூக்குரல் கிளம்பி, 1894-ல் ரோபினை வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள். பெரர் அந்த மனிதரிடம் நிறையத் தெரிந்துகொண்டார். தம் நாட்டிலும் அப்படி ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கனவு கண்டார்.

கனவு காணலாம். பணத்துக்கு எங்கே போவது?

சீமாட்டி கொடுத்த சொத்து

பெரரிடம் ஸ்பானிஷ் படிக்க வந்தவர்களில் மூனியே என்ற சீமாட்டியும் ஒருவர். வயதானவர். கல்யாணம் ஆகாதவர். பெரிய சொத்துக்காரர். மாதா கோவிலுக்குப் போகத் தவறாதவர்!

வாத்தியாருக்கோ கடவுள் நம்பிக்கை இல்லை. பாடம் நடக்கும்போதே இருவருக்கும் வாக்குவாதம் வரும். ஆனாலும் சீமாட்டிக்கு அவர்மீது மதிப்பு ஏற்பட்டது. ஐரோப்பாவில் பல இடங்களுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு பிரயாணம் போனார். குழந்தைகளைப் பற்றியும், பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பெரர் பேசப் பேச, அந்த அம்மாளின் மனம் இளகியது.

1901-ம் ஆண்டில் மூனியே காலமானார். உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். பாரிஸ் நகரின் நடுவில் இருந்த பெரிய கட்டிடம் ஒன்றைப் பெரருக்கு எழுதி வைத்திருந்தார்! மாதந்தோறும் நல்ல வாடகை வரக்கூடிய கட்டிடம். பக்தி மிகுந்த ஓர் அம்மாளின் பணத்தில், மத போதனை இல்லாத பள்ளிக்கூடம் பிறந்தது.

12 சிறுமிகள், 18 சிறுவர்கள்

பெரர் உடனே பார்சிலோனாவுக்குத் திரும்பினார். 1901-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி பைலேன் தெருவில் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். நவீனப் பள்ளி என்று பெயர் வைத்தார். முதல் நாள் வந்து சேர்ந்தவர்கள் 30 குழந்தைகள். 12 பேர் சிறுமிகள். 18 பேர் சிறுவர்கள்.

இருபாலாரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். இன்று இது பெரிய சங்கதியாகத் தோன்றாது. அன்றைய பார்சிலோனாவில் இது பெரிய துணிச்சல். கிராமத்துப் பள்ளியில் இடம் இல்லாமல் சேர்த்து உட்கார வைத்திருப்பார்கள், அது வேறு. கொள்கை என்று சொல்லிச் செய்தவர் பெரர். இதற்காக அவர் விளம்பரம் கொடுக்கவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த ஒவ்வொருவரிடமும், வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளையும் அனுப்புங்கள் என்று தனியாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்று தனிப் பள்ளிக்கூடம் வைப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழைகளை மட்டும் சேர்த்தால், பகையைத்தான் வளர்க்க வேண்டி வரும் என்றார். பணக்காரர்களை மட்டும் சேர்த்தால், சலுகையைக் காப்பாற்றத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டி வரும். எனவே எல்லோரும் ஒன்றாகவே படிக்கட்டும் என்றார். சம்பளம் அவரவர் வசதிக்கு ஏற்றபடி. சிலர் அதிகம் கட்டினார்கள். சிலர் கொஞ்சம் கட்டினார்கள். சிலர் ஒன்றுமே கட்டவில்லை.

பரீட்சை கிடையாது. பரிசு கிடையாது. தண்டனையும் கிடையாது!

பெற்றோர்கள் திகைத்தார்கள். பரீட்சை இல்லாமல் பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரியும்? தங்கள் பிள்ளை முதல் பரிசு வாங்குவதை மேடையில் பார்க்க வேண்டாமா? பெரர் அசையவில்லை. பரிசு வாங்கிய ஒரு குழந்தை கர்வம் கொள்கிறது. வாங்காத இருபது குழந்தைகள் கூனிக் குறுகுகின்றன என்பது அவர் கணக்கு. பெற்றோரின் பெருமைக்காகக் குழந்தையைக் காய்ச்சல் வரும்வரை நெட்டுருப் போட வைப்பது கொடுமை என்றார்.

குளிப்பது, பல் விளக்குவது, துணி துவைத்து உடுப்பது எல்லாம் அங்கே பாடம். அழுக்கோடு வந்த பிள்ளையைத் திட்டுவது இல்லை. ஏன் சுத்தம் வேண்டும் என்று விளக்குவார்கள். தொற்று நோய் பரவாமல் இருக்க என்ன செய்வது என்று மருத்துவர் வந்து யோசனை சொல்லுவார். பூகோளமும் விஞ்ஞானமும் நாலு சுவருக்குள் முடிந்துவிடவில்லை. பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கும், கடற்கரைக்கும், வயல்வெளிக்கும் அழைத்துப் போனார்கள். இயந்திரம் எப்படிச் சுழல்கிறது, நூல் எப்படித் துணியாகிறது என்று கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து, பார்த்ததைப் பற்றித் தாங்களே எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பள்ளிக்கூடம் பெரியவர்களுக்கு! வேலைக்குப் போகும் அப்பாவும் அம்மாவும் வந்து உட்காருவார்கள். ஓடோன் டி புவென் என்ற விஞ்ஞானப் பேராசிரியர் இயற்கையைப் பற்றி விளக்குவார். மார்டினஸ் வர்காஸ் என்ற டாக்டர் உடல் நலத்தைப் பற்றிச் சொல்லுவார்.

புத்தகம் கிடைக்காத பள்ளி

ஒரே ஒரு சங்கடம். பாடப்புத்தகம் இல்லை! கடையில் கிடைத்த எந்தப் புத்தகமும் பெரருக்குத் திருப்தி தரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று அதன் நூல் நிலையத்தில் ஒரு புத்தகம்கூட இல்லை.

எலிசே ரெக்ளூ என்பவர் அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்ற பூகோள அறிஞர். நல்ல பூகோளப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று பெரர் அவருக்கு எழுதினார். சிறுவர்களுக்கு ஏற்ற புத்தகம் எதுவும் இல்லை, புத்தகம் இல்லாமலே ஆரம்பியுங்கள் என்ற கருத்தில் அவரிடம் இருந்து பதில் வந்தது.

ஆகவே பெரர் அச்சுத் தொழிலிலும் இறங்கினார். பள்ளியின் பெயரிலேயே பிரசுராலயம் தொடங்கினார். பத்திரிகையும் நடத்தினார். முதல் வாசகப் புத்தகமாக வந்தது நோனோ என்ற சிறுவனின் கதை. ழான் கிராவ் என்ற பிரெஞ்சு அராஜகவாதி எழுதியது. எஜமானர்களே இல்லாத ஒரு நாட்டுக்கு நோனோ போகிறான். அங்கே எல்லோரும் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு பணம் ஆட்சி செய்கிற வேறு ஒரு நாட்டில் அகப்பட்டுக்கொள்கிறான். அங்கே அவன் படும் பாடுதான் கதை. குழந்தைகள் அதை விரும்பிப் படித்தார்களாம்.

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மதத்தைத் திணிக்கக்கூடாது என்று சொன்னவர், தம் கொள்கையைத் திணிக்கலாமா? இதை அப்போதே சிலர் கேட்டார்கள். பெரர் கொடுத்த பதில், பகுத்தறிவுக்குப் பொருந்துவதை மட்டுமே சொல்லித் தருகிறோம் என்பது. ஆனால் அவர் வெளியிட்ட புத்தகங்களில் அரசாங்கத்தின் மீதும், ராணுவத்தின் மீதும், மாதா கோவிலின் மீதும் வீசிய கண்டனம் கொஞ்சநஞ்சம் அல்ல. குழந்தைக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. பிரம்பைத் தூக்கி எறிந்தார் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு கஷ்டம் ஆசிரியர்கள். அதட்டியே பழக்கப்பட்ட வாத்தியார்கள் அதட்டாமல் கற்பிக்கத் தெரியாமல் விழித்தார்கள். படித்ததை மறப்பதற்கு அவர்களுக்கே தனிப் பயிற்சி தேவைப்பட்டது!

இத்தனைக்கும் நடுவில் பள்ளி வளர்ந்தது. நாலைந்து வருடத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மற்ற ஊர்களிலும் தொழிலாளர்கள் இந்தப் பிரசுராலயத்தின் புத்தகங்களை வாங்கிப் பள்ளிகள் ஆரம்பித்தார்கள். பாதிரிமார்களும் அதிகாரிகளும் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தர்ப்பம் பார்த்திருந்தார்கள்.

பூச்செண்டில் வெடிகுண்டு

சந்தர்ப்பம் 1906-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி வந்தது.

அன்று தலைநகரமான மாட்ரிட்டில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்குக் கல்யாணம். மணப்பெண் இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் பேத்தி. கோவிலில் கல்யாணம் முடிந்து, மணமக்கள் கோச்சு வண்டியில் அரண்மனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் ஜனத்திரள். ஒரு வீட்டு மாடியில் இருந்து பூச்செண்டு ஒன்று வந்து விழுந்தது. டமார்! பூவுக்குள் வெடிகுண்டு!

மன்னரும் ராணியும் தப்பினார்கள். சிப்பாய்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

குண்டு வீசியவன் மாத்தேயோ மோரல். ஜவுளி ஆலை முதலாளியின் மகன். இரண்டு நாள் கழித்துப் பிடிபடும் நேரத்தில், பிடித்த காவலாளியைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். யார் இவன் என்று போலீசார் துருவினார்கள். பெரரின் பிரசுராலயத்தில் வேலை பார்த்தவன்!

பெரர் கைது செய்யப்பட்டார். பள்ளிக்கூடம் இழுத்து மூடப்பட்டது. ஒரு வருடம் சிறையில் கிடந்தார். 1907-ம் ஆண்டு ஜூன் மாதம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. மோரலின் சதி அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது பற்றி சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

அவர் வெளியே வந்தார். ஆனால் பள்ளிக்கூடத்தைத் திறக்க மட்டும் அனுமதி கிடைக்கவே இல்லை.

பெரர் சும்மா இருக்கவில்லை. பாரிசுக்கும் பிரஸ்ஸல்சுக்கும் போனார். குழந்தைகளின் பகுத்தறிவுக் கல்விக்காக 1908-ல் சர்வதேசச் சங்கம் ஒன்றை அமைத்தார். பிரபல பிரெஞ்சு எழுத்தாளர் அனடோல் பிரான்ஸ் அதன் கௌரவத் தலைவர். தம் பள்ளிக்கூடத்தின் வரலாற்றையும் புத்தகமாக எழுதினார்.

தீப்பிடித்த வாரம்

1909-ம் ஆண்டு வசந்த காலத்தில் பெரர் லண்டனில் இருந்தார். ஊரில் சகோதரரின் மனைவிக்கும், சகோதரரின் சின்னஞ்சிறு மகளுக்கும் உடம்பு மோசம் என்று செய்தி வந்தது. பதறிப்போய் ஸ்பெயினுக்குத் திரும்பினார். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

திரும்பாமல் இருந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருப்பார்.

அப்போது மொராக்கோவில் ஸ்பெயினுக்குச் சண்டை. படையில் சேவை முடித்து வீடு திரும்பி, கல்யாணமும் ஆகிக் குடும்பம் நடத்துகிறவர்களை எல்லாம் மறுபடியும் யுத்தத்துக்கு அழைத்தது அரசாங்கம். பணம் கட்டினால் விலக்கு உண்டு. ஏழை எங்கே போவான்? கூலிக்காரன் பிள்ளை குட்டிகளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினான். துறைமுகத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் வந்து சிப்பாய்களுக்குப் புனிதப் பதக்கங்களை வழங்கினார்கள். சிப்பாய்கள் அதைக் கடலில் வீசி எறிந்தார்கள்!

ஜூலை 26-ந் தேதி பார்சிலோனாவில் பொது வேலை நிறுத்தம். அது கலகமாக மாறியது. ஒரு வாரம் நகரம் பற்றி எரிந்தது. மாதா கோவில்களும், மடங்களும், மடத்துப் பள்ளிகளும் டஜன் கணக்கில் தீக்கு இரையாகின. ராணுவம் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரித்திரத்தில் இதற்குச் சோக வாரம் என்று பெயர்.

இதற்கு யார் தலைவர்? உண்மையில் தலைவர் என்று யாருமே இல்லை. கோபம்தான் தலைமை தாங்கியது. ஆனால் அரசாங்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பெரர் ஒளிந்துகொண்டார். ஆகஸ்டு முடியும் நேரத்தில் இரவில் வெளியே கிளம்பியபோது ஊர்க்காவலர்களிடம் சிக்கினார். அவரைப் பிடித்துக் கொடுத்தது அவர் பிறந்த அலேயா கிராமம்!

ஒரே நாளில் விசாரணை

அக்டோபர் 9-ந் தேதி சிறைச்சாலையிலேயே ராணுவ கோர்ட்டு கூடியது. சாட்சிகள் யாரும் நேரில் வரவில்லை. அவர்கள் முன்பு கொடுத்த வாக்குமூலங்களைப் படித்தார்கள். குறுக்கு விசாரணைக்கு வழியே இல்லை. பெரர் தரப்புச் சாட்சிகளுக்கு இடம் தரவில்லை. அவருடைய உறவினர்களும், பள்ளியில் உடன் உழைத்தவர்களும் ஏற்கனவே வெகு தூரத்தில் உள்ள தெருவேல் என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டது போல அனுப்பப்பட்டிருந்தார்கள்.

வக்கீலாக ராணுவ அதிகாரி ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கால்செரான் என்ற காப்டனைப் பெரர் தேர்ந்தெடுத்தார். முன்பின் தெரியாதவர். ஆனால் அந்த இளம் அதிகாரி வழக்குக் கட்டுகளைப் படித்துப் பார்த்துத் திடுக்கிட்டார். மேலதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருக்க, இதில் ஆதாரமே இல்லை, பகைமைதான் இருக்கிறது என்று அஞ்சாமல் வாதாடினார். உத்தியோகத்தை நினைத்துப் பார்க்காத மனிதர்!

ஒரே நாளில் விசாரணை முடிந்தது. மரண தண்டனை! மன்னரின் மன்னிப்பு வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

கடைசி இரவு

12-ந் தேதி இரவு. கோட்டையில் கைதி தூங்கவில்லை. பாதிரியாரின் உதவி வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். உயில் எழுதும் அதிகாரியை வரவழைத்து, மணிக்கணக்கில் உயிலைச் சொல்லிக்கொண்டே போனார். பணத்தில் பெரும் பகுதி புத்தகப் பிரசுரத்துக்கு. தம்மைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் வைத்தார். தமக்காக யாரும் கூட்டம் போட்டுப் பேச வேண்டாம், மனிதர்களை விக்கிரகம் ஆக்க வேண்டாம், செத்தவர்களுக்குச் செலவிடும் நேரத்தை உயிரோடு கஷ்டப்படுகிறவர்களுக்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

விடிந்தது. மண்டியிட மாட்டேன், கண்ணைக் கட்டவும் வேண்டாம் என்றார். அதிகாரிகள் யோசித்தார்கள். நிற்பதற்குச் சம்மதித்தார்கள். கண்ணை மட்டும் கட்டினார்கள்.

எதிரே நின்ற சிப்பாய்கள் இளைஞர்கள். அவர்கள் மீது குற்றம் இல்லை என்றும், நன்றாகக் குறி பார்க்கும்படியும் பெரர் சொன்னார். தம் பள்ளிக்கூடத்துக்கு வாழ்த்துக் கூறினார். குண்டுகள் பாய்ந்தன.

வாழ்ந்த பள்ளிகள்

அடுத்த வருடமே அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் அவர் பெயரால் சங்கம் ஒன்று தோன்றியது. அது பள்ளிக்கூடமும் நடத்தியது. பிற்காலத்தில் உலக நாகரிகங்களின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற வில் டியூரண்ட், வாலிபராக இருந்தபோது அங்கே ஆசிரியராக வேலை பார்த்தார். 1915-ல் அந்தப் பள்ளி நியூஜெர்சியில் ஸ்டெல்டன் என்ற இடத்துக்கு மாறியது. பரீட்சையும் பிரம்பும் இல்லாமலே 1953 வரை நடந்தது.

பிரஸ்ஸல்ஸ் நகரத்து மக்கள் பெரருக்கு ஞாபகச் சின்னம் வைக்க ஆசைப்பட்டார்கள். விக்கிரகம் ஆக்க வேண்டாம் என்று அவர் உயிலில் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. தீபத்தை உயர்த்திப் பிடித்து நிற்கும் மனிதனின் சிலையை 1911-ல் நிறுத்தினார்கள். முதல் உலக யுத்தத்தில் பிரஸ்ஸல்சைப் பிடித்த ஜெர்மனியர்கள் 1915-ல் அதை அகற்றினார்கள். 1926-ல் சிலை மறுபடியும் நின்றது.

அதே போன்ற சிலை ஒன்றைப் பார்சிலோனா நகரமும் செய்து, 1990-ம் ஆண்டில் நிறுத்தியது. இடம், அவர் சுடப்பட்ட அதே மோன்ஜூயிக் குன்று.